தட்பவெப்ப ஒப்பந்தங்களுக்குத் தவணை உண்டா?

பருவமழை முன்னும் பின்னுமாகப் போவது குறித்து உலக நாடுகள் ஒப்பந்தம் செய்திருப்பதை விவசாயப் பெருமக்கள் அறிவார்கள். அது எத்தனை ஆண்டுகளுக்கு என்பது பலருக்குத் தெரிவதில்லை. குத்தகைச் சீட்டில்கூட நாம் முதலில் பார்ப்பது தவணையைத்தானே!

மூல உடன்படிக்கை 1992-ல் ஏற்பட்டு, 1994 மார்ச் 21-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முடிவுத் தேதி கிடையாது. ஆனால் இன்ன நாடு இவ்வளவு புகையைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாய அளவும் அதில் இல்லை. அளவு சொன்னது 1997-ன் கியோட்டோ ஒப்பந்தம். அமலுக்கு வரவே 2005 ஆகிவிட்டது.

கியோட்டோவின் முதல் தவணை 2008 முதல் 2012 வரை. இலக்கு வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே. இலக்கில் ஒரு டன் குறைந்தால் அடுத்த தவணையில் 1.3 டன்னாகக் கழிக்கப்படும் என்பது தண்டனை. பாக்கியை வட்டியோடு வசூலிப்பது போன்றது இது. ஆனால் அடுத்த தவணைக்குச் சம்மதித்தால்தானே வசூல்? கனடா 2012 டிசம்பரில், தவணை முடியச் சில நாட்களே இருந்தபோது, வெளியேறியது. ஜப்பானும் ரஷ்யாவும் இரண்டாம் தவணைக்கு இலக்கு ஏற்கவில்லை.

2013 முதல் 2020 வரையிலான இரண்டாம் தவணைக்குத் தோகா நகரில் 2012-ல் திருத்தம் நிறைவேறியது. 144 நாடுகள் ஏற்றால்தான் அது செல்லும். அந்த எண்ணிக்கை சேர்ந்து திருத்தம் அமலுக்கு வந்த நாள் 2020 டிசம்பர் 31. தவணை முடிந்ததும் அதே நாள்தான்! கதிர் அறுத்த பின் மடை திறந்த கதை இது. ஐரோப்பிய நாடுகள் அதுவரை காத்திராமல் தாமே இலக்கின்படி நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த அனுபவத்துக்குப் பின் 2015-ல் உருவான பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி வைக்கவில்லை. பதிலாக, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் முன்னதைவிடக் கூடுதலான உறுதிமொழி தர வேண்டும்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலகம் முழுமைக்கும் கணக்குப் பார்க்கப்படும். நம் ஊர் ஜமாபந்தி போல என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் பாக்கி வைத்தவருக்கு இங்கே தண்டனை இல்லை. என் பார்வையில் இதுவே இதன் பெரும் பலவீனம். 2035-க்கான உறுதிமொழியை 2025 பிப்ரவரிக்குள் தர வேண்டியிருந்தும் பெரும்பாலான நாடுகள் தவறின. விலகவும் வழி உண்டு. அறிவித்த ஓராண்டில் விலகலாம். அமெரிக்கா 2020-ல் விலகி, 2021-ல் திரும்பி, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகல் அறிவித்தது.

முதல் கணக்கு 2023-ல் துபாயில் முடிந்தது. எல்லா உறுதிமொழிகளும் நிறைவேறினாலும் வெப்பம் 2.1 முதல் 2.8 டிகிரி வரை உயரும் என்று தெரிய வந்தது. பாரிஸில் குறித்த எல்லையோ 2 டிகிரிக்கு நன்கு கீழே. இந்த இடைவெளிதான் நம் பயிருக்கு வரும் ஆபத்து.

இதனால் நெல் விவசாயிக்குக் கட்டுப்பாடு வருமா என்று அஞ்ச வேண்டாம். 2022-ல் இந்தியா தந்த உறுதிமொழி எந்தத் தனித் துறைக்கும் இலக்கு விதிக்கவில்லை. நீர் தேங்கிய வயலில் மீத்தேன் வாயு உண்டாவது உண்மைதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும், தண்ணீரும் மிச்சமாகும். அடுத்த உலகக் கணக்கு 2028-ல் வருகிறது.