தென்முனைக் கடலுக்கு ஏற்ற மாதம் எது?

தொலைதூரப் பயணம் ஒன்றைத் திட்டமிடும்போது, விடுமுறை எப்போது கிடைக்கும், கட்டணம் எப்போது குறையும் என்னும் இரண்டு கேள்விகளையே நாம் முதலில் கேட்கிறோம். பெரும்பாலான ஊர்களுக்கு இக்கணக்கே போதும். ஆனால் உலகின் தென்கோடியிலுள்ள அண்டார்க்டிகாவுக்குக் கப்பலேற விரும்புவோர் இவற்றுக்கு முன்னதாக வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். நாம் அங்கே எதைக் காணப் போகிறோம் என்பதே அக்கேள்வி. விடைக்கேற்ப மாதமும் மாறும்.

பூமியின் தென்பாதியில் பருவங்கள் தலைகீழானவை என்பதை நாம் அறிவோம். அங்கே டிசம்பரில் கோடை, ஜூனில் கடுங்குளிர். குளிர்காலத்தில் கடல் நீரே உறைந்து, கண்டத்தைச் சுற்றிப் பனித்தளமாகப் பரவுகிறது. செப்டம்பரில் அதன் பரப்பு ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீட்டர். பிப்ரவரியில் அது உருகிச் சுருங்கி, சராசரியாக 30 இலட்சம் அளவில் நிற்கிறது. 2023 பிப்ரவரியிலோ 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கி, அறிஞர்களைக் கவலைகொள்ளச் செய்தது. இவ்வாறு கடல் வழிவிடும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான ஐந்து மாதங்களே பயணக் கப்பல்களுக்குரிய காலம். லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 1966-இல் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் சென்ற நாளிலிருந்து இன்றுவரை, கோடையை நம்பியே இப்பயணம் நடைபெறுகிறது.

பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, டிரேக் ஜலசந்தியை ஏறத்தாழ இரண்டு நாட்களில் கடந்து, அண்டார்க்டிகத் தீபகற்பத்தை அடைகின்றன. அங்கு ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தனி முகம் உண்டு.

நவம்பரில் செல்வோர் காண்பது தூய வெண்மை. மனிதக் காலடி படாத பனி கரையெங்கும் குவிந்திருக்கும். ஜென்டூ, அடேலி இனப் பென்குவின்கள் துணை தேடி, கூழாங்கற்களைப் பொறுக்கிக் கூடு கட்டும். அடுத்த கூட்டுக் கல்லை ஓசையின்றித் திருடுவதும் உண்டு! ஆயின் குஞ்சுகளை அப்போது காண இயலாது. தெற்கேயுள்ள குறுகிய கால்வாய்கள் பல பனியால் அடைபட்டிருக்கவும் கூடும்.

டிசம்பரும் ஜனவரியும் கோடையின் உச்சம். நாளொன்றுக்கு இருபது மணி நேரத்துக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். தீபகற்பத்தின் கரையோரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தையொட்டியோ, சில பாகைகள் மேலாகவோ நிற்கும். டிசம்பர் இறுதி தொடங்கி முட்டைகள் பொரிந்து, சாம்பல் நிறக் குஞ்சுகள் தாயின் வயிற்றடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பயணிகள் பெரிதும் விரும்பும் காலம் இதுவாதலால், கட்டணமும் உச்சத்திலேயே இருக்கும்.

திமிங்கிலத்தைக் காண ஆவல் கொண்டோருக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. கிரில் எனப்படும் சிற்றிறால் போன்ற உயிர்களை உண்டு கொழுக்க வந்த ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் அப்போது விரிகுடாக்களில் மிகுதியாகத் தென்படும். பனி விலகியிருப்பதால், கப்பல் அண்டார்க்டிக வட்டத்தைத் தாண்டித் தெற்கே செல்லும் வாய்ப்பும் கூடும். ஆனால் கரையோரப் பனி உருகிச் சேறாகியிருக்கும். பென்குவின் எச்சத்தின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். மார்ச்சில் பென்குவின்களில் பல கடலுக்குத் திரும்பியிருக்கும்.

எம்பரர் எனப்படும் பெரிய பென்குவினைக் காணும் ஆசையுடன் பணம் கட்டுவோர் ஒன்றை அறிதல் நலம். அப்பறவை முட்டையிட்டு அடைகாப்பது நடுக்குளிர்காலத்தில், உறைந்த கடலின்மீது. ஆகவே வழக்கமான கோடைப் பயணங்களில் அதனைக் காண்பது அரிது.

எந்த மாதத்தைத் தேர்ந்தாலும் நமக்கு உறுதியாகக் கிடைக்காத ஒன்று உண்டு. அது அமைதியான கடல். டிரேக் ஜலசந்தியின் காற்றைத் தடுக்க நிலம் ஏதும் இல்லாமையால், நடுக்கோடையிலும் புயல் எழும். 2007 நவம்பர் 23 அன்று, தென் ஷெட்லாண்டுத் தீவுகளருகே ‘எக்ஸ்புளோரர்’ என்னும் கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் குளிரில் காத்திருந்த 154 பேரையும் ‘நூர்நோர்கே’ என்னும் நார்வேக் கப்பல் காப்பாற்றியது. துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2017 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் கரையிறங்குவதா, திரும்புவதா என்பதை அன்றைய வானிலையைக் கண்டு கப்பல் தலைவரே முடிவு செய்வார். அதனை ஏமாற்றமாகக் கொள்ளாதிருக்கப் புறப்படுமுன்னரே மனத்தைப் பழக்கிக்கொள்ளல் வேண்டும்.

மாதத்தைப் போலவே கப்பலின் அளவும் கருதத்தக்கது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் இறங்கலாகாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து எவரும் கரையிறங்கலாகாது என்பது விதி. மண்ணில் கால் பதிக்க விரும்புவோர் பெரிய கப்பலின் மலிவான கட்டணத்தைக் கண்டு மயங்குதல் கூடாது.

வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் அறுவை சிகிச்சை செய்யத்தக்க பெரிய மருத்துவமனை பல நூறு கிலோமீட்டர் கடலுக்கு அப்பால்தான் உள்ளது. ஆகவே அவசர மீட்புக்கான காப்புறுதியும் மருத்துவரின் ஒப்புதலும் முதலில் அமையட்டும். ரப்பர்ப் படகில் ஏறியிறங்க முழங்கால்களுக்கு வலுவும் தேவை. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் காண்பிக்கும் மாதம் ஏதும் இல்லை. வெண்பனியோ, குஞ்சோ, திமிங்கிலமோ, மனம் எதனை முதலில் நாடுகிறது என்பதைக் குடும்பத்தார் கூடி அமர்ந்து பேசி முடிவு செய்துகொண்டு, அதன்பின் தேதியைக் குறிப்பார்களாக.