மலிவுத் தாளும் மறைந்துபோன வாசகியரும்

ஓர் ஆவணப்படத்தில் பொய்த் தகவல் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். ஆயினும், அது காட்டும் வரலாறு பிழையானதாக இருக்கலாம். அமெரிக்காவின் ‘பல்ப்’ இதழ்களைப் பற்றிய ஆவணப்படங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

மரக்கூழிலிருந்து செய்த மலிவுத் தாளில் அச்சானதால் இவ்விதழ்களுக்கு அப்பெயர் வந்தது. 1896-இல் ஃபிராங்க் மன்சி தமது ‘ஆர்கஸி’ இதழை முழுக்கக் கதைகளுக்கென மாற்றி, பத்து சென்ட் விலையில் விற்றதிலிருந்து இவ்வரலாறு தொடங்குகிறது.

நான் பார்த்த ஆவணப்படங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன: ‘பிளாக் மாஸ்க்’கின் துப்பறிவாளர்கள், ‘வியர்ட் டேல்ஸ்’ இதழின் லவ்கிராஃப்ட், பிறகு அறிவியல் புனைகதைகள். காதல் கதை இதழ்களுக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். சில நேரங்களில் அதுவும் இல்லை.

விற்பனைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1921-இல் தொடங்கிய ‘லவ் ஸ்டோரி மேகசின்’ வார இதழாக உயர்ந்து, உச்சத்தில் ஆறு லட்சம் பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. மாத இதழான ‘வியர்ட் டேல்ஸ்’ ஐம்பதாயிரத்தை ஒட்டியே நின்றது என்பது பொதுவான மதிப்பீடு. முன்னதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திய ஆசிரியர் டெய்சி பேக்கன் என்ற பெண்மணி. 1936-இல் ‘பிளாக் மாஸ்க்’கின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஃபேனி எல்ஸ்வொர்த், ‘ராஞ்ச் ரொமான்சஸ்’ என்ற காதல் இதழையும் நடத்தியவர். அந்தக் காதல் இதழ் 1971 வரை வந்தது. பழைய பல்ப் இதழ்களுள் கடைசியாக நின்றது அதுவே.

இந்த மறைப்புக்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. பொருளியல் மாணவர்களுக்கு நான் பல்லாண்டுகள் கற்பித்த ‘தேர்வுச் சார்பு’ போதுமானது. அமிலம் மிகுந்த மலிவுத் தாள் விரைவில் பொடிந்துபோகும். யாரேனும் பேணிக் காத்தால்தான் எஞ்சும். அறிவியல் புனைகதை, திகில் கதை ரசிகர்கள் சங்கம் அமைத்தனர், இதழ்களைச் சேகரித்தனர். காதல் கதை படித்த பெண்களுள் பெரும்பாலோர் படித்ததைப் பிறருக்குக் கொடுத்தனர், அல்லது எறிந்துவிட்டனர். இன்று படமெடுப்பவர் சேகரிப்பாளரின் அலமாரியை நாடுகிறார், அங்கிருப்பதே வரலாறாகிவிடுகிறது.

முடிவுரையிலும் இத்தகைய சாய்வு உண்டு. தொலைக்காட்சி வந்து பல்ப் இதழ்களைக் கொன்றது என்பது எளிய கதை. ஆனால், பெரும் பதிப்பகமான ‘ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித்’ 1949-இலேயே தன் பல்ப் இதழ்களை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. 1950-இல்கூட அமெரிக்காவில் பத்து வீடுகளுள் ஒன்றில்தான் தொலைக்காட்சி இருந்தது. போர்க்காலத் தாள் தட்டுப்பாடு, 1939 முதல் 25 சென்ட்டுக்குக் கிடைத்த ‘பாக்கெட் புக்ஸ்’ நூல்கள், சித்திரக்கதை இதழ்கள் ஆகியன அதற்கு முன்பே அடித்தளத்தை அரித்திருந்தன.

லவ்கிராஃப்ட்டின் செல்வாக்கு பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. பிற்காலத்தில் எவை செல்வாக்குப் பெற்றன என்பது ஒரு கேள்வி. அன்று மக்கள் எவற்றைப் படித்தனர் என்பது மற்றொன்று. முதலாவதற்கான விடையை இரண்டாவதற்கும் விடையாகக் காட்டுவதே இப்படங்களின் குறை. அதனால், தம் சம்பாத்தியத்தில் வாரந்தோறும் காசு கொடுத்து இதழ் வாங்கிய இலட்சக்கணக்கான பெண்கள், ஒரு வெகுசன இலக்கியத்தின் வரலாற்றிலிருந்தே விடுபட்டுப்போகின்றனர்.

எனவே, எந்த ஆவணப்படத்தைப் பார்க்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்போம்: எவ்வளவு விற்றது? யார் வாங்கினர்? எஞ்சியதைக் காத்தவர் யார்? மூன்றாவது கேள்விக்கான விடை, முதல் இரண்டும் ஏன் சொல்லப்படவில்லை என்பதைப் பெரும்பாலும் விளக்கிவிடும்.