கொட்டாமல் விட்ட கரைசல்

கெவ்லார் இழை தற்செயலாகக் கிடைத்தது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 1965-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலம், வில்மிங்டனில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஒரு பெண் வேதியியலாளர் டயருக்கு இழை தேடினார், குண்டு துளைக்காத உடைக்கான இழை அகப்பட்டது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அவருடைய வாழ்க்கை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதால் அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிட்டால், அதற்கு முந்தைய பல ஆண்டு உழைப்பு காணாமல் போகிறது. அந்த மாதிரி உழைப்புக்கு இடமும் பொழுதும் ஒதுக்க வேண்டியதில்லை என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் கவலை அதைப் பற்றியது.

நைலானையும் பாலியெஸ்டரையும் உருக்கித் துளைகள் வழியே தள்ளினால் இழை வந்துவிடும். பென்சீன் வளையங்களை நேர்வரிசையில் கோத்த விறைப்பான பாலிமர்களிடம் அந்த வழி செல்லாது. அவை உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடும். அவற்றைக் குறைந்த வெப்பத்தில் உண்டாக்கி, தகுந்த கரைப்பானில் கரைத்து, கரைசலாகவே நூற்க வேண்டும். 1950-களில் அந்தப் பெண் வேதியியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் இந்தக் குறைந்த வெப்ப முறையைத்தான் படிப்படியாக வளர்த்தெடுத்தார்கள். 1959-இல் அவர் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை அதன் ஒரு சிறு துண்டு. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களை ஒரு பீக்கரில் அடுக்காக ஊற்றி, அவை தொட்டுக்கொள்ளும் பரப்பிலிருந்து நைலானை இடுக்கியால் பிடித்து இழுத்துக்கொண்டே போகலாம். அடுப்பும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். வேதியியல் வகுப்புகளில் இன்றும் செய்துகாட்டப்படும் இந்தச் சோதனையை வேடிக்கையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உருக்க முடியாத பாலிமர்களைக் கையாளும் வழி இந்த ஆய்வுகளால்தான் திறந்தது. இந்த அடித்தளம் இல்லையென்றால் 1965-இல் அவர் குடுவையில் எதுவுமே இருந்திருக்காது.

குடுவையில் இருந்தது என்ன? பெட்ரோல் தட்டுப்பாடு வரலாம் என்ற எதிர்பார்ப்பில், டயரின் எடையைக் குறைக்க, லேசான, ஆனால் வளைந்து கொடுக்காத இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட பாலிமர்களில் ஒன்று பாலி-பாரா-பென்சமைடு. நூற்கத் தகுந்த பாலிமர் கரைசல் கெட்டியாகவும் தெளிவாகவும் இருக்கும் என்பது தொழிலில் ஊறிய பாடம். இது மோரைப் போல நீர்த்தும் கலங்கியும் இருந்தது. இதில் துகள் இருக்கிறது, இழையை வெளியே தள்ளும் ஸ்பின்னரெட்டின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று நூற்பு இயந்திரத்தைக் கவனித்த தொழில்நுட்ப ஊழியர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை, அனுபவம் அப்படித்தான் சொல்லும். வேதியியலாளர் கரைசலை வடிகட்டிப் பார்த்தார்; கலங்கல் போகவில்லை. அப்படியானால் அது அழுக்கல்ல, கரைசலின் இயல்பு. விடாமல் கேட்டு, கடைசியில் ஊழியரை இணங்கவைத்து நூற்றார். சோதனையில் வந்த விறைப்பு அளவு நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்திருந்ததால், மறுபடி மறுபடி அளந்து பார்த்த பிறகே வெளியில் சொன்னார். கோல்போல் விறைத்த மூலக்கூறுகள் கரைசலிலேயே ஒரே திசையில் அணிவகுத்து நின்றதுதான் நீர்ப்புக்கும் கலங்கலுக்கும் காரணம். இழையாக இழுபடும்போதும் அந்த வரிசை குலையவில்லை. சம எடைக்கு எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை கொண்ட கெவ்லாருக்கு அடிப்படை இதுதான்.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. தர அளவுகோல்படி பார்த்தால் அந்தக் கரைசல் கழிவு. அதைக் கொட்டாமல் வைத்துக்கொள்ள, அது வழக்கத்துக்கு மாறானது என்று உணரும் அளவுக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும், பயன் தெரியாத ஒன்றை நூற்றுப்பார்க்க இயந்திர நேரம் வேண்டும், மறுத்தவரிடம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் உரிமையும் வேண்டும். இன்று ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் கேட்கும்போதே எந்த மாதத்தில் என்ன முடிவு வரும் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிற இளைஞருக்கு, அட்டவணையில் இல்லாத குடுவையோடு ஒரு நாளைக் கழிப்பதே அச்சமாகிவிடுகிறது.

இப்போது தானியங்கிக் கருவிகள் ஏராளமான கலவைகளைச் சோதிக்கின்றனவே, மனிதரின் பொறுமை எதற்கு என்று கேட்கலாம். கருவி நல்ல துணைதான். ஆனால் நாம் கொடுத்த அளவுகோலைக் கொண்டுதான் அது சலிக்கும். கெட்டித்தன்மை இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், கரைசல் தெளிவாக இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருந்தால், 1965-இன் அந்தக் கரைசல் முதல் சலிப்பிலேயே வெளியே போயிருக்கும்.

சந்தைக்கு வந்த கெவ்லார் அவருடைய முதல் பாலிமரே அல்லவே என்பார்கள் வேறு சிலர். உண்மைதான். விற்பனைக்குப் போனது அதன் நெருங்கிய உறவான இன்னொரு விறைப்பான பாலிமர். அதை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து நூற்கும் முறையை உருவாக்கியவர் வேறொருவர். 1971-இல்தான் அது கடைக்கு வந்தது. இது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. முதல் இழை கையில் கிடைத்த பிறகும் ஆறு ஆண்டுகள், பல துறை ஆட்கள், கைவிடாத ஒரு நிர்வாகம் எல்லாம் தேவைப்பட்டன. மருத்துவம் படிக்கப் பணம் சேர்க்கலாம் என்று 1946-இல் தற்காலிக வேலையாகச் சேர்ந்த அந்தப் பெண் வேதியியலாளர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதே நிறுவனத்தில் இருந்தார் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இழை ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், நூற்பு இயந்திரத்தின் நேரத்தில் ஒரு பங்கை அட்டவணையில் இல்லாத கரைசல்களுக்கென்று எழுத்திலேயே ஒதுக்கட்டும். அதன் பயனை மூன்று ஆண்டுக்குள் கணக்குக் கேட்காமலும் இருக்கட்டும்.