அறப்பணியில் கீழ்ப்படிதலும் மனச்சான்றும் (கத்தோலிக்கம்)

கத்தோலிக்கத் துறவியர் தம் சபைத் தலைவருக்குப் பணிந்து நடப்பதாக வாக்களிப்பது கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எனப்படும். ஒரு செயல் நல்லதா தீயதா எனத் தீர்மானிக்கும் உள்ளத்தின் தீர்ப்பு மனச்சான்று எனப்படும். ஏழைகள், நோயாளிகள், அகதிகள் ஆகியோரிடையே பணிபுரிவோருக்கு இவ்விரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்பது கத்தோலிக்க ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள வேதாளையில் 1549 ஆம் ஆண்டு நிகழ்ந்த அந்தோனியோ கிரிமினாலியின் இறப்பு இவ்வினாவை விளக்கும் ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

கோட்பாடு

இயேசு சபையை நிறுவிய இலொயோலா இன்னாசியார், 1553 இல் போர்த்துக்கல் நாட்டுத் துறவியருக்குக் கீழ்ப்படிதல் பற்றி விரிவான மடல் ஒன்றை எழுதினார். செயலில் மட்டுமன்றி விருப்பத்திலும் அறிவிலும் தலைவரோடு ஒன்றுபட வேண்டும் என்பது அதன் சாரம். எனினும் இதற்கு எல்லைகள் உண்டு. பாவம் எனத் தெளிவாகத் தெரியும் செயலைச் செய்யக் கட்டளை எவரையும் கட்டுப்படுத்தாது. மாற்றுக் கருத்து உடையவர் இறைவேண்டலுக்குப் பின் அதனைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம்.

13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமஸ் அக்குவினாஸ், தவறான மனச்சான்றுகூட ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்றார். ஆயினும் அறிந்துகொள்ள வேண்டியதை அலட்சியத்தால் அறியாமல் இருப்பது குற்றத்தை நீக்காது என்றும் அவர் சேர்த்துக் கூறினார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடும் மனச்சான்றின் மாண்பை வலியுறுத்துகிறது.

முத்துக்குளித்துறையில்

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் பெருமளவில் கிறித்தவம் தழுவினர். 1542 இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் பணியில் துயர்துடைப்பும் இடம்பெற்றது. 1544 இல் வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிக் கன்னியாகுமரி அருகே கடற்பாறைகளில் ஒதுங்கியிருந்த மக்களுக்காக, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவுடன் அவர் புறப்பட்டார். எதிர்க்காற்றினால் தோணிகள் கரை சேர முடியாமல் போகவே, தரைவழியாகச் சென்றார்.

1548 இல் சவேரியார் இக்கடற்கரைப் பணியாளர்களுக்கு எழுத்து வடிவில் அறிவுரைகள் வழங்கினார். மக்களின் அன்பைப் பெறுதல், ஏழைகளுக்கு உதவுதல் ஆகியவற்றுடன், போர்த்துக்கீசத் தளபதியோடு பகைத்துக்கொள்ளாதிருத்தலும் அவற்றுள் அடங்கும். மக்களுக்குத் தளபதியால் தீங்கு நேரும் இடத்தில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று முரண்படக்கூடியவை.

வேதாளை, 1549

கிரிமினாலி 1520 இல் இத்தாலியின் பார்மா நகருக்கு அருகிலுள்ள சிஸ்ஸாவில் பிறந்தவர். 1545 இல் இந்தியா வந்த அவரைச் சவேரியார் முத்துக்குளித்துறைப் பணியாளர்களின் தலைவராக நியமித்தார்.

மண்டபத்திற்கு மேற்கே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள வேதாளையில் போர்த்துக்கீசர் ஒரு சிறு கோட்டை வைத்திருந்தனர். அதன் தளபதி இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களை வழிமறித்து வரி வசூலித்தார். இதனால் எழுந்த பகையின் விளைவாக 1549 இல் விசயநகரப் படை வேதாளையைத் தாக்கியது. போர்த்துக்கீசர் கப்பல்களை நோக்கிப் பின்வாங்கினர். கிரிமினாலி பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றுவதில் ஈடுபட்டார். தாமும் ஏறும்படி வேண்டப்பட்டபோதும் மறுத்துக் கரையிலேயே நின்று கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சியாக அவர் கருதப்படுகிறார்.

கட்டளை எட்டாத இடம்

அவ்வேளையில் சவேரியார் சப்பான் நோக்கிய பயணத்தில் இருந்தார். ஆகவே தங்கும்படியோ தப்பும்படியோ ஆணை பெற வழியில்லை. முடிவு கிரிமினாலியின் மனச்சான்றைச் சார்ந்ததாயிற்று.

இத்தகைய சூழலுக்குத் திருச்சபையில் பழைய வழிகாட்டல் ஒன்று உண்டு. 5 ஆம் நூற்றாண்டில் வாண்டல்கள் வட ஆப்பிரிக்காவைத் தாக்கியபோது, குருக்கள் தப்பி ஓடலாமா என்ற வினாவுக்கு இப்போவின் அகுஸ்தீன் மடல் வழியாக விடையளித்தார். ஒருவர் மட்டும் தேடப்பட்டு, அவரது பணியை ஆற்றப் பிறர் இருந்தால் அவர் தப்பலாம். ஆபத்து அனைவருக்கும் பொதுவானால், மக்களுக்குத் தேவைப்படுவோர் அவர்களைக் கைவிடலாகாது என்பது அவரது விடை. வேதாளையில் ஆபத்து பொதுவானது என்பதால் கிரிமினாலியின் முடிவு இவ்விதியுடன் பொருந்துகிறது.

ஆயினும் இந்நிகழ்வு மற்றொரு வினாவையும் எழுப்புகிறது. மக்களுக்கு ஆபத்தைக் கொணர்ந்தது அவர்களின் பாதுகாவலராகக் கருதப்பட்ட தளபதி விதித்த வரியே ஆகும். பாதுகாப்பு தரும் அதிகாரத்தோடு இணங்கிச் செல்லும் கீழ்ப்படிதல், அவ்வதிகாரத்தின் அநீதியைத் தடுக்கும் ஆற்றலைக் குறைத்துவிடலாம். துன்பம் நேர்ந்தபின் உதவுவது மட்டுமன்றி, துன்பத்தின் காரணத்தைக் கேள்விக்குள்ளாக்குவதும் மனச்சான்றின் கடமையா என்பது இன்றைய அறப்பணிகளுக்கும் உரிய வினாவாகும்.

பின்னர்

கிரிமினாலிக்குப் பின் என்றீக்கே என்றீக்கசு பணியாளர்களின் தலைவரானார். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கான மருத்துவமனை இவரது முயற்சியால் ஏற்பட்டது. தமிழில் அச்சேறிய தொடக்க நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கத்தை (1578) வெளியிட்டவரும் இவரே.