பின்னம் தெரிந்த மாணவி ஏன் கை தூக்கவில்லை?

முனைவர் பட்ட ஆய்வு என்றால் நூலகத்தில் அமர்ந்து தடித்த புத்தகங்களைப் புரட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் ஆய்வைத் திருத்தியது முதலாம் படிவ மாணவி ஒருத்தி.

தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது கல்வித்துறையில் ஆய்வு செய்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தவர்கள் தேசிய இடைநிலைப்பள்ளிக்கு எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பதே தலைப்பு. மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் 2013-2025 முன்வைத்த ஐந்து இலக்குகளில் சமநீதியும் ஒன்று. அது வகுப்பறையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்பினேன்.

மலாய்மொழியில் வினாநிரல் தயாரித்துக் கொடுத்தேன். “கணிதப் பாடம் புரிகிறதா?” என்ற கேள்விக்கு எல்லாரும் “புரிகிறது” என்றே குறியிட்டிருந்தனர். மகிழ்ச்சியோடு மேற்பார்வையாளரிடம் காட்டினேன். “எந்த மொழியில் கேட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. புரியவில்லை என்று சொல்வதற்கும் மொழி வேண்டுமே!

முறையாக அனுமதி பெற்று மீண்டும் சென்றேன். இம்முறை தாளை வைத்துவிட்டுத் தமிழில் பேசினேன். அந்த மாணவி சொன்னாள்: “டீச்சர், எனக்குப் பின்னம் நல்லா வரும். பகுதி, தொகுதி எல்லாம் தெரியும். ஆனா ‘பெஞெபுட்’னா பகுதிதான்னு தெரியல. கேட்டா சிரிப்பாங்கன்னு கை தூக்கல.”

மூன்று வாரம் அப்படியே இருந்திருக்கிறாள். அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்திற்குப் போய்விட்டது. கணிதம் தெரிந்த பிள்ளை, ஒரு சொல் தெரியாததால் பின்தங்கியவள் ஆகிவிட்டாள்.

எல்லாருக்கும் ஒரே பாடநூலும் ஒரே நேரமும் தருவது சமத்துவம். யாருக்கு எது குறைகிறது என்று பார்த்து அதைத் தருவது சமநீதி. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் எவரையும் பள்ளி மறுக்கக்கூடாது என்ற கொள்கை 2019-இல் நடப்புக்கு வந்தது. அது பள்ளிக் கதவைத் திறந்தது. உள்ளே வந்த எந்தப் பிள்ளையும் பாடத்திற்கு வெளியே நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

புத்தாக்கம் என்றதும் செயலியை நினைக்கிறோம். நாங்கள் செய்தது வெறும் அட்டைதான். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் மலாய்ச் சொல். பின்னம் - பெச்சாஹான், பரப்பளவு - லுவாஸ், முக்கோணம் - செகி தீகா. மாணவர்களே எழுதினார்கள். அவர்களின் கணித ஆசிரியரும் தமக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். மதிப்பெண் உயருமா என்பதை ஆய்வு முடிந்த பிறகே சொல்ல முடியும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆறாம் ஆண்டுக்கு நான் கணிதம் போதித்த காலத்தில், இந்தச் சொற்களை ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆண்டிறுதியில் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தாலே போதும்.

இளையோரே, அடுத்த ஆண்டு முதலாம் படிவம் செல்லும் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால், உங்கள் பழைய பாடநூலை எடுத்து இன்றே ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள்.