பரம் பொருளும் ஃபிளாஷ் சேமிப்பக இணைப்பும்

பரம் பொருள் என்பது திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள மீக்கணினி ஆகும். தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதன் திறன் 838 டெராஃபிளாப்சு, அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்கீடுகள். உயர்வேகச் சேமிப்பகமும் இன்ஃபினிபேண்ட் பிணைப்பும் இதில் உள்ளன. தரவு தாமதமாக வந்தால் செயலிகள் வேலையின்றிக் காத்திருக்க நேரும் என்பதால் இவை தேவைப்படுகின்றன.

இதே காரணத்தால் வங்கி, மருத்துவமனை போன்ற பெரிய நிறுவனங்கள் ஃபிளாஷ் சேமிப்பகங்களைப் பயன்படுத்துகின்றன. வழங்கிகள் இவற்றுடன் ஃபைபர் சேனல், ஐஸ்கசி, என்விஎம்இ முதலிய நெறிமுறைகளின் வழியே இணைகின்றன. பொதுவாக இவற்றில் இரண்டு கட்டுப்படுத்திகள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது பணியை ஏற்கும். ஆனால் இரு பாதைகளும் ஒரே நிலைமாற்றியின் வழியே சென்றால், அது பழுதாகும்போது இரண்டுமே துண்டிக்கப்படும். எனவே பாதைகள் தனித்தனி நிலைமாற்றிகளின் வழியே அமைக்கப்படுகின்றன.