துருவத்திற்கு முன் ஒரு மலைப்பாடம்

கொல்கத்தாவின் கீழ்த்திசையிலுள்ள சால்ட் லேக், பெயருக்கேற்ப, முன்னாளில் உவர்ச் சதுப்பாய்க் கிடந்த இடம். 1960-களில் ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய்வழியே கொணர்ந்து கொட்டி, மேடாக்கி, அதன்மேல் எழுப்பிய நகரம் அது. அங்கே மார்கழிக் காற்றுச் சற்றுக் குளிர்ந்தவுடன் காதுவரை இழுத்து மூடிய கம்பளிக் குல்லாய்கள் தெருவெங்கும் தென்படும். அவற்றைக் கண்டு முதலாண்டிற் புன்னகைத்து, மறு ஆண்டில் தாமும் ஒன்று வாங்கிக்கொண்ட தமிழன்பர்கள் பலர்.

இத்தாழ்நிலத்தில்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கிழக்கு மண்டல அலுவலகம் அமைந்திருக்கிறது. 1982-இல் புறப்பட்ட இரண்டாவது இந்திய அண்டார்க்டிகா பயணத்திற்குத் தலைமை தாங்கிய வி. கே. ரைனா அத்துறையைச் சேர்ந்தவரே. அன்று முதல் இன்று வரை அத்துறையினர் தென்துருவக் கண்டத்தின் பாறைகளை ஆராய்ந்து வருகின்றனர். சமவெளியில் வாழ்ந்து பழகியவர் பனிக்கண்டத்தில் எங்ஙனம் காலூன்றுவது என்று நேயர்கள் வினவக்கூடும்.

அதற்கென இமயத்தில் ஒரு பயிற்சி உண்டு. மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள், ஜோஷிமட்டுக்கு மேலுள்ள ஔலியில், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். ஔலி ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. நமது மைத்ரி நிலையமோ கடல்மட்டத்திற்கு மேல் நூறு மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே, உயரத்தைப் பழகவே மலைக்குப் போகிறார்கள் என்று எண்ணுதல் பொருந்தாது. குளிரைத் தடுக்கவும் தக்க ஆடை உண்டு. அங்கே கற்க வேண்டியது கயிறு.

பனிப்பாறையில் ஆழ்ந்த பிளவுகள் உண்டு. புதுப்பனி அவற்றின்மேல் பாலம்போற் படிந்து வாயை மறைத்துவிடும். மேலிருந்து நோக்குவார்க்கு வெண்தரையன்றி வேறொன்றும் தோன்றாது. ஆதலின் அங்கு நடப்போர் ஒரே கயிற்றில் இடைவெளிவிட்டுப் பிணைந்து செல்வர். ஒருவர் வீழ்ந்தால், மற்றவர்கள் அக்கணமே குப்புற விழுந்து பனிக்கோடரியைத் தரையிற் குத்தி இழுவையைத் தடுத்தல் வேண்டும். யோசிக்க நேரமில்லை, உடம்பே அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே மீண்டும் மீண்டும் விழுந்து பழகுகின்றனர். கப்பல் திரும்பிய பின் நிலையத்தில் எஞ்சும் சிலருள் எவரும் கயிற்றின் மறுமுனையில் நிற்க நேரலாம். அவர் சமையற்காரராயிருப்பினும், ஆராய்ச்சியாளராயிருப்பினும், கோடரி பிடிக்கும் முறை ஒன்றுதான்.

சிலருக்கு இப்பாடம் முன்னரே கைவந்திருந்தது. 1983-இல் மூன்றாவது பயணத்தில் அதிதி பந்த்துடன் சென்று, அண்டார்க்டிகாவை அடைந்த முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரான சுதீப்தா சென்குப்தா, கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துப் புவியியலறிஞர். டென்சிங் நார்கேயிடம் மலையேற்றம் பயின்றவர் அவர். நாள் கணக்கிற் பெறும் பயிற்சி அத்தகைய பல்லாண்டுப் பழக்கத்திற்கு ஈடாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனினும், கயிறு காக்க இயலாத ஆபத்தும் ஒன்றுண்டு. 1990 ஜனவரியில், ஒன்பதாவது பயணத்தின்போது, மலைப்பகுதியில் முகாமிட்டிருந்த நால்வர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் உயிர்நீத்தனர். புவியியல் ஆய்வுத் துறையினரும் அவர்களுள் இருந்தனர். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. மூச்சுத் திணறலுக்கு முன்பே மயக்கம் வருகிறது. எரிபொருள் எரியும் இடமெல்லாம் அது பிறக்கலாம். காற்றுக்கு அஞ்சிக் கூடாரத்தை இறுக மூடுவது மனித இயல்பு. பனியைக் குடிநீராக உருக்க உள்ளே அடுப்பெரிவதும் தவிர்க்க இயலாதது. ஆகவே கூடாரத்தின் காற்றுத்துளை ஒருபோதும் அடைபடலாகாது. வெளியே வீசும் பனித்தூள் அத்துளையைச் சிறிது நேரத்தில் மூடிவிடும். நள்ளிரவில் உறக்கப்பையை விட்டெழுந்து, வெளியேறி, அதைத் துடைத்துவர வேண்டியவர் இன்னார் என்று மாலையிலேயே முறைவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.